ஒரே படத்தில் இரண்டு சூரியன்

படப்பையில் நான் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில், ஒரகடம் சாலைக் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்த பாதிப் பேரின் காதுகள் எனக்கு மனப்பாடம். அடையாள அட்டைக்கு எடுக்கும் படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும், பின்னால் வெள்ளைத் திரை இருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. இந்த மூன்று சட்டத்தையும் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவியிடமே "முகத்தை நேரா வை" என்று சொல்லிவிட்டேனாம். இன்றைக்கும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறாள்.

இதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்கு வேறொன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு பழைய இடங்களைத் தேடிப் போய்விடுவேன். கோயில் மண்டபத் தூண்கள், ஏரி மதகில் எழுத்து வெட்டிய கல், வயலுக்கு நடுவே பாதி புதைந்து கிடக்கும் நடுகல் என்று எதையும் விடமாட்டேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சேரப்பணஞ்சேரியைத் தாண்டி ஒரு மேட்டில் இருந்த கல்வட்டங்கள். ஆள் உயரத்தில் பாதி இருக்கும் பாறைகளை வட்டமாக நட்டு, நடுவில் இறந்தவரைப் புதைத்திருக்கிறார்கள். கோயில்களுக்கெல்லாம் மூத்த வேலை. ஊரில் பாண்டவர் குழி என்பார்கள். எந்தக் கல்லுக்கு எத்தனை மணி வெளிச்சம் எடுப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் படங்களைப் பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருந்தேன். "இன்னாண்ணா, கல்லுங்களுக்குக்கூட ஐடி கார்டு எடுக்கறியா?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். என் சுவர், என் கல்.

இன்னொரு வித்தையிலும் எனக்குக் கர்வம் உண்டு. ஒட்டு வேலை. ஒருவர் குடும்பப் படத்தில் இல்லையென்றால், அவருடைய வேறொரு படத்திலிருந்து ஆளைப் பிளேடால் ஓரம் பிசிறாமல் வெட்டி, மற்றவர்களோடு ஒட்டி, ஓரத்தைத் தூரிகையால் மறைத்து, அதை மறுபடி படம் பிடித்துப் பிரதி போடுவோம். துபாயில் இருக்கும் மகனை வீட்டுக் கூடத்தில் நிற்க வைத்திருக்கிறேன். இறந்துபோன ஒரு தகப்பனை அவர் மகள் கல்யாணத்தில் நிற்க வைத்தேன். அந்த ஆல்பத்தைப் பார்த்த ஒருவர், "உங்க அப்பா கல்யாணத்துக்கு அப்புறந்தான் தவறிட்டாரா?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியைவிடப் பெரிய பரிசு எனக்கு யாரும் கொடுத்ததில்லை. இந்த வேலையில் ஒரே ஒரு சங்கடம். முத்திரையைப் பார்த்தால் ஸ்டுடியோவில் செய்த ஒட்டு என்று தெரிந்துவிடும் என்பதால் அந்தப் படங்களுக்குப் பின்னால் நான் அதைக் குத்துவதில்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அட்டைப் படத்துக்கு வந்த ஒரு பையனுக்குக் காதே தெரியவில்லை. முடி தோள் வரைக்கும் வழிந்தது. தூத்துக்குடிப் பக்கம். கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டிரெயினி. "ஒதுக்கு" என்றேன். ஒதுக்கினான், வழிந்தது. கடைசியில் என் மனைவியின் இரண்டு ஹேர்பின்னைக் குத்தித்தான் படம் எடுத்தேன். "பாட்டுக்காக வளக்கேன் அண்ணாச்சி, வெட்டச் சொல்லாதிய" என்றான். என்ன பாட்டு என்று கேட்டேன். "ராக்" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த ஞாயிறு வந்து கேட்கச் சொன்னான்.

போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு கூடம். அவன் பாடினான், அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த தெற்கத்திப் பையன்கள் இரண்டு பேர் கிடார் வாசித்தார்கள். டிரம்ஸ் வாசித்தவன் உள்ளூர், கோயில் பாடகர் குழுவில் வளர்ந்தவன். நான்கு பேரும் ஒரே கம்பெனி. முதல் பாட்டில் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று பார்த்தேன். மூன்றாவது பாட்டு அவர்களே கட்டியது. மிஷின் சத்தம், சைரன், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது எல்லாம் அதில் வந்தது. நான் தினமும் வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, சிரிக்காதே என்று சொல்லி அனுப்பும் பிள்ளைகள் இப்படியெல்லாம் கத்துவார்களா என்று இருந்தது. அன்றைக்கு ஒரு ஃபிலிம் சுருள் முழுக்க எடுத்துத் தள்ளினேன். அதிலிருந்து அவர்கள் வாசித்த பெரும்பாலான ஞாயிறுகளில் நானும் இருந்தேன். கல்லைப் பார்க்கப் போகும் நேரத்தைக்கூடக் குறைத்துக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் வந்து இரண்டாவது வருஷம் ஆடி மாதம் நகரத்துக் கல்லூரி ஒன்றில் ராக் குழுக்களுக்குப் போட்டி வைத்தார்கள். வெளியாட்களும் கலந்துகொள்ளலாம். ஒரு கேசட்டும், உறுப்பினர்கள் எல்லோரும் இருக்கும் ஒரு படமும் அனுப்ப வேண்டும். பாட்டுக்காரனுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. அவனுடைய இரண்டு வருஷ டிரெயினிங் அடுத்த மாதம் முடிகிறது. நீட்டிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் மாமாவின் உரக்கடையில் உட்கார வேண்டியதுதான், அதோடு குழுவும் கலைந்துவிடும். ஒரு தடவையாவது மேடையில் நின்று, முன்பின் தெரியாத நூறு பேருக்கு முன்னால் பாடிவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

கேசட் தயாராக இருந்தது. படந்தான் பாக்கி. "ரோட்டுல நின்னு ஒண்ணு எடுத்தாப் போதும் அண்ணாச்சி" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் எடுக்கும் படம், நகரத்துக்குப் போகிற படம், ரோட்டிலா? கல்வட்டத்துக்கு நடுவில் நான்கு பேரும் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை.

அதில் ஒரு சிக்கல். அந்த மாதம் கம்பெனியில் சரக்கு அவசரம், ஞாயிறும் வேலை. தெற்கத்திப் பையன்கள் மூன்று பேரும் சி ஷிஃப்ட். ஓவர்டைமுக்காக மாலை ஐந்து மணிக்கே பஸ் ஏறினால் காலை ஆறு மணிக்குத்தான் வெளியே வருவார்கள். டிரம்ஸ்காரன் ஸ்டோர்ஸில் ஏ ஷிஃப்ட். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் ஓவர்டைமும் முடித்து மாலை நான்கு மணிக்குத்தான் வெளியே வருவான். எப்போதுமே இவர்கள் ஒரு ஷிஃப்ட், அவன் ஒரு ஷிஃப்ட்தான்; அந்த மாதம் ஷிஃப்ட் மாற்றமும் இல்லை. இதெல்லாம் ஒரு சிக்கலா, என் கையில் பிளேடு இருக்கிறதே என்று நினைத்தேன். அவர்களும் மறுக்கவில்லை. ஒட்டுப் படம் பொய் என்று எங்கள் பக்கத்தில் யாரும் நினைத்ததே இல்லை. எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒன்று தொங்குகிறது.

காலை ஏழு மணிக்கு மூன்று பேரையும் கல்வட்டத்தில் நிறுத்தினேன். தூக்கம் சொக்கும் கண்களோடு நின்றார்கள். வலது ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டேன். கேமரா ஸ்டாண்டின் மூன்று காலும் இருந்த இடத்தில் சுண்ணாம்பால் குறி வைத்தேன். அன்றைக்கே மாலை ஐந்து மணிக்கு டிரம்ஸ்காரனை அழைத்துக்கொண்டு போய், அதே குறியில் ஸ்டாண்டை வைத்து, காலியாக இருந்த இடத்தில் அவனை நிறுத்தி எடுத்தேன். "கரீட்டா நிக்கிறேனாண்ணா?" என்று பத்துத் தடவை கேட்டான். இரண்டு படத்தையும் கழுவிப் பிரதி போட்டதும் ராத்திரிக்குள் வேலையை முடித்தேன். தரையும் ஒன்றுதான் என்பதால் அவன் காலடி நிழலையும் சேர்த்தே வெட்டினேன். அப்போதுதான் ஒட்டு தெரியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ஓரம் தெரியவில்லை. எனக்கே என்னை முதுகில் தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது. மறுநாள் தபாலில் சேர்த்தேன். அவர்கள் அறையில் ஃபோன் இல்லாததால் விண்ணப்பத்தில் என் ஸ்டுடியோ எண்ணையே எழுதியிருந்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த ஃபோன் வந்தது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பேசினார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

"நீங்கதான் அந்தப் படத்தை எடுத்தீங்களா?"

"ஆமாங்க சார்" என்றேன், பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

"அதுல ரெண்டு சூரியன் இருக்கே சார்."

எனக்குப் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். மூன்று பேரின் நிழல் இடது பக்கம் விழுகிறது. நான்காவது ஆளின் நிழல் வலது பக்கம் விழுகிறது. போன வருஷம் சில குழுக்கள் வேறு குழுவிலிருந்து வாத்தியக்காரரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து சண்டையாகிவிட்டது. அதனால்தான் எல்லோரும் சேர்ந்திருக்கும் படம் கேட்கிறார்கள். "இந்த நாலாவது ஆள் உங்க குழுவே இல்லைன்னு கமிட்டியில சொல்றாங்க. நாளை சாயங்காலத்துக்குள்ள நிஜமான படம் ஒண்ணு வரலைன்னா பேரை எடுத்துடுவாங்க. என்னால அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது."

ஃபோனை வைத்துவிட்டு என்னிடமிருந்த பிரதியை எடுத்துப் பார்த்தேன். காலையில் எடுத்த நிழல் மேற்கே, மாலையில் எடுத்த நிழல் கிழக்கே. குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். கல்லுக்கு மணி பார்த்து வெளிச்சம் பார்க்கிற ஆளுக்கு, மனுஷனுக்குப் பார்க்கத் தோன்றவில்லை. ஏனென்றால் மனுஷர்களை நான் எப்போதும் கூரைக்கு அடியில் எடுத்த படங்களில்தான் ஒட்டியிருக்கிறேன். அங்கே இருப்பது நான் போடுகிற விளக்கு. சூரியன் நகரும் என்ற விஷயமே அந்த வேலைக்குள் வந்ததில்லை. என் கர்வத்தால் ஒரு பிள்ளையின் ஒரே மேடை போகப் போகிறது.

மதியம் தூங்கிக்கொண்டிருந்த பாட்டுக்காரனை அறைக்குப் போய் எழுப்பிச் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, நாங்க நாலு பேரும் தெனமும் ஒண்ணாத்தான பாத்துக்கிடுதோம்" என்றான்.

"எங்க?"

"கேட்டுல. நாங்க ஆறு மணிக்கு வெளிய வருவோம். அவன் அதுக்கு முன்னாலயே வந்து நிப்பான். ஏழு நிமிஷம் வரைக்கும் கார்டு பஞ்ச் பண்ண விடுவாவ. அந்த ஏழு நிமிஷமும் அவன் டிபன் பாக்ஸத் தட்டுவான், நான் பாடுவேன். இந்த மாசம் பூரா எங்க பிராக்டீஸ் அதாம்லா."

ஒரு மாதமாக அந்தப் பிள்ளைகள் ஏழு ஏழு நிமிடமாகச் சேர்த்துத்தான் பழகிக்கொண்டிருக்கிறார்கள், நான் அவர்களை வெட்டி ஒட்டியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

புதன்கிழமை காலை ஐந்தே காலுக்கே கேட்டுக்குப் போய்விட்டேன். மாதா கோயில் கூடத்திலிருந்து கிடார்கள் இரண்டையும், ஒரு சின்ன டிரம்மையும் மொபெட்டில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். கேமராவைப் பார்த்ததும் செக்யூரிட்டி ஓடி வந்தார். மிலிட்டரியிலிருந்து வந்தவர், பெரிய மீசை. அவர் மீசையையும் அட்டைக்கு எடுத்தவன் நான்தான்.

"கேட்டாண்ட கேமராலாம் எடுக்கக் கூடாது. என் வேலை பூடும்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். "இந்தக் கோட்டுக்கு அந்தாண்ட ரோடு. ரோடு கவர்மெண்ட்டுது. அங்க நின்னுகினு நீ இன்னா வேணா எடுத்துக்கோ, நான் பாக்கல" என்றார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பெனி பஸ் நிற்கும் இடம். தகரக் கூரை போட்ட டீக்கடை, சைக்கிள் வரிசை, எதிரே நெல் அறுத்துவிட்டுப் பிளாட் போட்டிருந்த வயல். நான் எந்தக் காலத்திலும் கேமராவைத் திருப்பியிருக்காத இடம். கிழக்கே பார்த்தால் மேகம். சூரியன் எழுந்து பத்து நிமிடமாகியும் வெளியே வரவில்லை. இந்த மேகத்தில் படம் வரும், நிழல் வராது. நிழல் இல்லாத படத்தைக் கொடுத்தால் அதுவும் ஒட்டுதான் என்று கமிட்டி சொல்லிவிட்டால் என்ன செய்வது?

டிரம்ஸ்காரன் தேய்த்த யூனிபார்மோடு, கையில் டிபன் பாக்ஸோடு வந்து நின்றான். சரியாக ஆறு மணிக்குச் சைரன் ஊதியது. கும்பலோடு கும்பலாக மூன்று பேரும் ஓடி வந்தார்கள். கசங்கிய நீலச் சட்டை, தலையில் தொப்பி அழுத்திய தடம். கிடாரை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"எடுண்ணா, ஜல்தி. இன்னிக்கு லேட்டானா மூணாவது லேட்டு. மெமோ குத்துருவானுங்க" என்றான் டிரம்ஸ்காரன்.

"இருடா, வெளிச்சம் வரட்டும்."

"வரலைன்னா?"

"வரும்" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆறு மணி இரண்டு நிமிடம். மூன்று. டீக்கடையில் நின்றவர்கள், பஸ்ஸில் ஏறிய பெண்கள், எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். சும்மா நிற்க முடியாமல் டிரம்ஸ்காரன் டிபன் பாக்ஸைத் தட்ட ஆரம்பித்தான். பாட்டுக்காரன் மெதுவாக எடுத்தான், சைரன் பாட்டைத்தான். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்த குரல், கரகரவென்று இருந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ கைதட்டினார்கள்.

அப்போது மேகத்துக்கு அடியில் ஒரு விரிசல் விட்டது. வெயில் தரையோடு தரையாக வந்து விழுந்தது. நான்கு நிழலும் நீளமாக, ஒன்றாக, ஒரே பக்கம் ரோட்டைத் தாண்டிப் போயின.

பழக்க தோஷம், "காது தெரியணும், சிரிக்கக் கூடாது" என்று கத்திவிட்டேன். நான்கு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். பாட்டுக்காரன் வேண்டுமென்றே முடியை இரண்டு காதுக்கும் பின்னால் ஒதுக்கிக் காட்டினான். நான் அழுத்தினேன். ஆறு படம்.

"ஒரு நிமிசந்தான் கீது!" என்று கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து செக்யூரிட்டி கத்தினார். பார்க்கவில்லை என்று சொன்ன மனிதர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். டிரம்ஸ்காரன் ஓடினான். பஞ்ச் மிஷின் 'டக்' என்றது எங்களுக்கே கேட்டது. ஆறு மணி ஏழு நிமிடம்.

தாம்பரத்தில் லேப் திறக்கும் வரைக்கும் வாசலில் காத்திருந்து, கழுவிப் பிரதி போட்டு வாங்கி, பஸ் மாறி மாறி நகரத்துக்குப் போனேன். பேராசிரியர் படத்தை ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். விரலால் நிழல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நான்கு. பிறகு முகங்களைப் பார்த்தார். அதற்கு இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பட்டியலில் பெயருக்கு எதிரே ஒரு எண் போட்டார். நான் கிளம்பும்போது, "அந்தக் கல்வட்டம் எங்க சார் இருக்கு? ஆளில்லாம எடுத்தது இருந்தா ஒண்ணு குடுங்க" என்றார். குட்டும் பாராட்டும் சேர்ந்து விழுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. அனுப்பி வைத்தேன்.

போட்டி அன்றைக்கு நான்கு பேரும் லீவு சொல்லிவிட்டு வந்தார்கள். கல்லூரி வாசலில் எல்லாக் குழுக்களின் படத்தையும் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் கறுப்புச் சட்டை, இடிந்த கோட்டைச் சுவர், கடற்கரைப் பாறை. எங்கள் பிள்ளைகள் மட்டும் நீல யூனிபார்ம், தகரக் கூரை, கம்பெனி பஸ். பார்க்கிறவர்கள் அந்தப் படத்துக்கு முன்னால்தான் நின்றார்கள். நானும் அங்கேயே நின்றேன், யாராவது எடுத்தது யார் என்று கேட்க மாட்டார்களா என்று. யாரும் கேட்கவில்லை. நானே இரண்டு பேரிடம் சொன்னேன்.

பரிசு எதுவும் வரவில்லை. ஆனால் சைரன் பாட்டுக்கு அரங்கம் எழுந்து நின்றது. நூறு பேர் கேட்டான் அந்தப் பிள்ளை. ஐந்நூறு பேருக்குக் குறையாது. என் வாழ்க்கையில் எத்தனையோ கல்யாண மேடைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அன்றைக்கு அந்த மேடைக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்து எடுத்தபோது இருந்த பெருமை எனக்கு வேறு எங்கும் வந்ததில்லை. இவர்கள் எங்கள் ஊர்ப் பையன்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். மூன்று பேர் எங்கள் ஊரே இல்லை என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை.

அடுத்த மாதம் பாட்டுக்காரன் பெட்டியோடு ஸ்டுடியோவுக்கு வந்தான். கேட் படத்தைப் பெரிதாகப் போட்டு வைத்திருந்தேன், கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். போகாமல் நின்றான்.

"அந்தப் பழைய படமும் ஒண்ணு வேணும் அண்ணாச்சி. கல்லுக்குள்ள நிக்கது."

"அது எதுக்குடா? என் மானத்தை வாங்கின படம். கிழிச்சுப் போடலாம்னு இருக்கேன்."

"கிழிச்சிராதிய." மேஜை மேல் இருந்த பிரதியை எடுத்து, என் பக்கம் திருப்பி, நிழல்களைக் காட்டினான். "எங்களுக்குக் காலைச் சூரியன், அவனுக்குச் சாயங்காலச் சூரியன். ரெண்டு வருசமா நாங்க இங்க இப்படித்தான அண்ணாச்சி இருந்தோம்? இதுல என்ன பொய் இருக்கு?"

ஒட்டுப் படத்துக்கு நான் தொட்டதே இல்லாத ஸ்டுடியோ முத்திரையை இழுப்பறையிலிருந்து எடுத்து, மையில் அழுத்தி, இரண்டு படத்துக்குப் பின்னாலும் குத்திக் கொடுத்தேன்.